வளைகாப்புத் தட்டில் கறுப்பு எள்

ஏழு மாதக் கர்ப்பிணிக்கு ஆறிப்போன நூடுல்ஸ் கொடுக்கிற அம்மா எவளாவது உண்டா என்று சிதம்பரத்தில் ஒரு கூடம் நிறையப் பெண்கள் கேட்டார்கள். உண்டு. நான்தான். கொடுத்தேன். அதே நாள் மறுபடி வந்தாலும் அதையேதான் கொடுப்பேன், இன்னும் ஒரு கரண்டி சேர்த்து.

என் மகளுக்கு மசக்கை விட்டபாடில்லை. மூன்று மாதத்தில் நின்றுவிடும் என்றார்கள். ஐந்து என்றார்கள். ஆறு முடிந்தும் நிற்கவில்லை. சோறு கொதிக்கும் வாடை ஆகாது, கடுகு தாளிக்கும் வாடை ஆகாது, காப்பித் தூள் டப்பாவைத் திறந்தாலே ஓடுவாள். அவள் சிதம்பரத்தில் மாமியார் வீட்டில் இருந்தாள். நான் கடலூரில் மஞ்சக்குப்பத்துப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். போன் பண்ணினால் பாதிப் பேச்சில் "இரும்மா" என்பாள். அப்புறம் குழாய்த் தண்ணீர்ச் சத்தம்தான் கேட்கும். எடை ஏறவே இல்லை என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொல்லிவிட்டார். மிஷினில் யாருடைய ஆதார் கார்டையோ வைத்துவிட்டு மூடியை மூட மறந்து நிற்பேன்.

ஒருநாள் அவளாகவே கேட்டாள்.

"ம்மா, பெங்களூர்ல ஆபீஸ் கேன்டீன்ல ஒண்ணு போடுவாங்க. நூடுல்ஸ வேக வெச்சு ஆற வெச்சு, பச்சக் காயெல்லாம் சீவிப் போட்டு, டோஃபு போட்டு. சூடே இருக்காது. வாடையே வராது. அது கெடச்சா தின்னுடுவேன்னு தோணுது."

"டோஃபுன்னா என்னாடி?"

"சோயாவுல பண்ற பன்னீரும்மா. உன்னால முடியாது, வுடு."

முடியாது என்று என்னிடம் யாரும் சொல்லக் கூடாது. அது எனக்கு ஒரு வியாதி மாதிரி. அன்று சாயங்காலமே அரைக் கிலோ சோயா பீன்ஸ் வாங்கி ஊறப் போட்டேன்.

இந்த இடத்தில் என்னைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. மகள் ஒன்பதாவது படிக்கும்போது என் வீட்டுக்காரர் பண்ருட்டியில் வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டு போய்விட்டார். பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஆள் நன்றாகத்தான் இருக்கிறார், முந்திரி வியாபாரம், தொப்பை எல்லாம் போட்டிருப்பதாகக் கேள்வி. இடையில் ஒரு தடவை திரும்பி வரப் பார்த்தார். பெட்டியை உள்ளே வைக்க விடவில்லை. எங்கள் கடைக்கு மனு டைப் அடிக்க வருகிற பெண்களுக்கெல்லாம் 'கணவரால் கைவிடப்பட்டவர்' என்று நான்தான் அடித்துக் கொடுப்பேன். எனக்கென்று ஒரு மனு அடித்ததில்லை. என்னை ஒருத்தரும் கைவிடவில்லை, நான்தான் கதவைச் சாத்தினேன். தாலியைக் கழற்றி பீரோவில் போட்டேன். பொட்டை மட்டும் எடுக்கவில்லை. பொட்டு அவர் வாங்கிக் கொடுத்ததில்லை, விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் வைத்துக்கொள்வது.

இதனால் ஊருக்குத்தான் பெரிய சங்கடம். நான் செத்தவர் பெண்டாட்டியும் இல்லை, இருக்கிறவர் பெண்டாட்டியும் இல்லை. விசேஷ வீட்டில் குங்குமச் சிமிழ் வரிசையாக வரும், என்னிடம் வந்ததும் கொடுப்பவளின் கை ஒரு நொடி நிற்கும். நானே விரலை விட்டு எடுத்து வைத்துக்கொள்வேன். அந்த முகங்களைப் பார்க்க வேண்டுமே.

சரி, டோஃபு. முதல் தடவை நாசம். சோயாவை அரைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி, பாலை அரைகுறையாகக் காய்ச்சி எலுமிச்சை பிழிந்தேன். திரிந்தது, ஆனால் வேகாத பயறு வாடை வீடு முழுக்க. தெரு நாய் கூட மோந்து பார்த்துவிட்டுப் போனது. இரண்டாம் தடவை நன்றாகக் கொதிக்க விட்டு, எலுமிச்சைச் சாற்றில் தண்ணீர் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். திரிந்ததைத் துணியில் கட்டி, தண்ணீர் நிரப்பிய குக்கரை மேலே வைத்து அழுத்தினேன். ஒரு மணி நேரத்தில் வெள்ளையாக, கெட்டியாக, கத்தி வைத்தால் உடையாமல் நின்றது. நான் தனியாக அடுப்படியில் நின்று சிரித்தேன்.

நூடுல்ஸ் அதைவிட மோசம். எனக்குத் தெரிந்ததெல்லாம் சேமியா உப்புமா. அந்தக் கை வாக்கில் கிளறினேன். ஒட்டிக்கொண்டு ஒரே உருண்டையாகிவிட்டது. வெந்த உடனே வடித்து, பச்சைத் தண்ணீரில் இரண்டு தடவை அலசி, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டுப் பிசிறி வைக்க வேண்டும் என்பது மூன்று பாக்கெட் வீணான பிறகு தெரிந்தது. கேரட், வெள்ளரிக்காய், முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் தீக்குச்சி மாதிரி சீவ வேண்டும். குழம்புக்குப் பதிலாக ஒரு சாறு: வறுத்த வேர்க்கடலையை இஞ்சி, ஒரு பச்சை மிளகாய், கொஞ்சம் வெல்லம் வைத்து அரைத்து, சோயா சாஸும் எலுமிச்சையும் நல்லெண்ணெயும் விட்டுக் கலக்குவது. முந்திரி போட்டால் நன்றாயிருக்கும் என்று வீடியோவில் ஒரு பெண் சொன்னாள். பண்ருட்டியிலிருந்து வரும் எதுவும் என் அடுப்படிக்கு வேண்டாம் என்று வேர்க்கடலையோடு நிறுத்திக்கொண்டேன். கடைசியில் வறுத்த எள் தூவ வேண்டும். எங்கள் தெரு மளிகைக் கடையில் வெள்ளை எள் இல்லை, கறுப்புதான் இருந்தது.

முதல் தடவை தூக்கில் எடுத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறியபோது எனக்கே நம்பிக்கை இல்லை. மகள் மூடியைத் திறந்து மோந்தாள். ஒரு வாய் வைத்தாள். நானும் அவளும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பத்து நிமிடம். கால் மணி நேரம். ஓடவில்லை. மறுபடி சாப்பிட ஆரம்பித்தாள். தூக்கின் அடியை விரலால் வழித்துவிட்டு, "எள்ளு இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்மா" என்றாள். நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அதற்கப்புறம் வாரத்துக்கு மூன்று நாள். விடியற்காலை எழுந்து செய்து, முதல் பஸ்ஸில் போய்க் கொடுத்துவிட்டு, பத்தரை மணிக்குக் கடைக்கு ஓடி வருவேன். சம்பந்தியம்மா நல்ல மனுஷிதான், ஆனால் சுயமாக ஒரு வார்த்தை பேசமாட்டார். அவருக்கு ஒரு அக்கா இருந்தார், பக்கத்துத் தெருவில். மாப்பிள்ளைக்குப் பெரியம்மா என்பதால் வீட்டில் எல்லோருக்குமே அவர் பெரியம்மாதான். அந்த வீட்டில் உப்பு எவ்வளவு போடுவது என்பதைக்கூட அந்த அம்மாதான் சொல்ல வேண்டும். என் தூக்கை எட்டிப் பார்த்துவிட்டு, "சூடு பண்ணாம என்னாத்தக் குடுக்கறாங்க இவுங்க? புள்ளத்தாச்சிக்கு ஜன்னி வந்துடப் போவுது" என்றார் ஒருநாள். மகளின் எடை அந்த மாதம் ஒன்றரைக் கிலோ ஏறியிருந்தது. டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டை நான் நான்கு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போய் ஒன்றைப் பெரியம்மா கையில் கொடுத்தேன். கொஞ்சம் அதிகம்தான். ஆனால் மனது ஆறியது.

வளைகாப்புக்கு நாள் குறித்தார்கள். இரண்டு நாள் முன்னால் சம்பந்தியம்மா போன் பண்ணினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பித்தார். அப்படி ஆரம்பித்த பேச்சு எதுவும் எனக்கு நல்லதாக முடிந்ததில்லை.

"சொல்லுங்க."

"அக்கா சொல்றாங்க. சீரு உங்க தம்பி வூட்டுலேர்ந்து வரட்டும். தாய் வூட்டு வளையல உங்க தம்பி சம்சாரம் போடட்டும். நீங்க வாங்க, இருங்க. கொஞ்சம் பின்னாடி உக்காந்துக்கிட்டா போதும்."

"ஏங்க?"

"இல்ல... அவுரு உங்களோட இல்லல்ல. நல்லது நடக்கற எடம்னு..."

அந்த வீட்டு வழக்கம் இதுதான். வந்த சுமங்கலிகள் ஆளுக்கு ஒரு வளையல் இரண்டு கையிலும் போடுவார்கள். சாதம் ஊட்டியானதும் கடைசியாக, பெற்ற தாய் வலது கையில் ஒன்று கூடுதலாகப் போட வேண்டும், மொத்தம் ஒற்றைப்படையில் முடிய வேண்டும். போட்ட வளையலைப் பிரசவம் வரைக்கும் கழற்றக் கூடாது. இவளை வயிற்றில் சுமந்தவள் நான். வளர்த்தவள் நான். காலேஜ் பீஸ் கட்டியவள் நான். அந்த ஒரு கண்ணாடி வளையலை மட்டும் நான் போடக் கூடாது.

"சரிங்க" என்றேன். வளைகாப்பு முடிந்ததும் மகளைப் பிரசவத்துக்கு என் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். நான் வாயைத் திறக்கப் போய், அவர்கள் அதையும் நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்ற பயம். போனை வைத்துவிட்டு அழுதேன். அழுதது கோபத்தில்தான், ஆனாலும் அழுதேன்.

விசேஷத்தன்று நாலு மணிக்கு எழுந்தேன். ஏழு வகைச் சாதமும் தம்பி வீட்டிலிருந்து சேத்தியாத்தோப்பு சமையல்காரரிடம் சொல்லி வரப் போகிறது. புளி, எலுமிச்சை, தேங்காய், எல்லாம் தாளித்தது, எல்லாம் வாடை. அதில் ஒரு பருக்கை என் மகளால் விழுங்க முடியாது என்பது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், வேறு யாரும் அதை யோசிக்கவே இல்லை. டோஃபுவை வெட்டி வெறும் கல்லில் லேசாகச் சிவக்க விட்டேன். நூடுல்ஸை அலசினேன், காய் சீவினேன், சாறு ஊற்றிப் பிசிறினேன். கை வழக்கப்படி எள்ளை வறுத்து மேலே தூவியது. அவள் எப்போதும் கூடுதலாகக் கேட்பாள் என்று ஒரு சின்ன டப்பாவிலும் எள் போட்டுக்கொண்டேன்.

பஸ் புதுச்சத்திரம் தாண்டும்போதுதான் உறைத்தது. எள். வளைகாப்புக்கு எள் எடுத்துக்கொண்டு போகிறேன். அதுவும் கறுப்பு. எங்கள் பக்கத்தில் எள்ளும் தண்ணீரும் யாருக்கு இறைப்பார்கள் என்று சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். மடியில் தூக்கைத் திறந்து பார்த்தேன். வெள்ளை நூடுல்ஸ் மேல் பளிச்சென்று தெரிந்தது. ஸ்பூனால் வழித்து எடுத்து ஜன்னல் வழியாகப் போட்டுவிடலாம், சிதம்பரம் வர இன்னும் நேரம் இருக்கிறது. வாரம் மூன்று நாள் இந்த எள்ளைத் தின்றுதானே என் பிள்ளையின் வயிற்றுப் பிள்ளை வளர்ந்தது என்று தோன்றியது. மூடியை அழுத்தி மூடினேன்.

கூடத்தில் மகள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, பக்கத்தில் குத்துவிளக்கு. நான் அடுப்படி வாசலில், சொன்ன இடத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொருவராகப் போய் சந்தனம் பூசி வளையல் போட்டார்கள். மகள் ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்கி என்னைத் தேடினாள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். தாடை வலித்தது.

சுமங்கலிகள் வளையல் போட்டு முடித்த பிறகு சாதம் ஊட்டுவது. பெரியம்மா புளிச்சாதத்தை உருட்டி அவள் வாயருகே கொண்டு போனார். வெந்தயமும் பெருங்காயமும் கலந்த வாடை நான் இருந்த இடம் வரைக்கும் வந்தது. மகள் முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள். தம்பி பெண்டாட்டி ஓடிப்போய் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். பெரியம்மா எலுமிச்சைச் சாதத்தை எடுத்தார். மகள் குனிந்து குமட்டினாள், வயிறு குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஒரு வாய்தான், சம்பிரதாயத்துக்கு. முழுங்கிடு" என்றார் பெரியம்மா.

நான் எழுந்தேன். ஒரு தட்டில் நூடுல்ஸைக் கொட்டிக்கொண்டு கூட்டத்தை விலக்கி நேராகப் போனேன். யாரோ என் புடவையைப் பிடித்தார்கள். பிடியை உதறினேன்.

"இன்னிக்குப் போயி ஆறிப்போன நூடுல்ஸா? பெத்தவ பண்ற வேலையா இது?" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. நாலைந்து பேர் அதையே திருப்பிச் சொன்னார்கள்.

பெரியம்மா தட்டைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"எள்ளு. எள்ளப் போட்டு எடுத்தாந்திருக்கா. இது வளகாப்பு வூடா, கருமாதி வூடா? யாருக்கு எறைக்க வந்திருக்க நீ?"

பண்ருட்டியில் இருக்கிறவருக்கு என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மகளின் முகத்தைப் பார்த்து விழுங்கினேன். என் கண் குத்துவிளக்கில் விழுந்தது.

"அந்த வெளக்குல எரியறது என்னா எண்ணெய்ங்க?" என்றேன்.

நானே சொன்னேன்.

"நல்லெண்ணெய்தானே. அது எதுலேர்ந்து ஆட்டுனது? எள்ளு ஆவாதுன்னா மொதல்ல நீங்க வெளக்க அணைங்க. அப்புறம் நான் தட்ட எடுத்துடுறேன்."

பெரியம்மா விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏழு மாதக்காரி முன்னால் ஏற்றிய விளக்கை அணைக்க அந்தக் கூடத்தில் யாருக்குக் கை வரும். நான் மகள் காலடியில் உட்கார்ந்து ஒரு வாய் எடுத்து ஊட்டினேன். மென்றாள். விழுங்கினாள். அடுத்த வாய்க்கு அவளே குனிந்தாள். நான்காவது வாயில் அவள் முகத்தில் களை வந்தது. மாப்பிள்ளை சுவர் ஓரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரும் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசியிருக்கலாம், அதை நான் இன்னும் மறக்கவில்லை.

பெரியம்மா விடுகிற ஆள் இல்லை. ஆரத்திக்கு முன்னால் வளையலை எண்ண வேண்டும் என்று ஆரம்பித்தார். இடது கையில் பதினொன்று. வலது கையிலும் பதினொன்று. "தாய் வூட்டு வளையல் இன்னும் வரலியே. தம்பி சம்சாரம் எங்க போச்சி?"

தண்ணீருக்கு ஓடியதில் அவள் முறை தவறிப்போயிருந்தது. இப்போது அடுப்படியிலிருந்து ஆரத்தித் தட்டோடு வந்தாள். விளிம்பு வரைக்கும் தளும்பும் சிவப்புத் தண்ணீர், இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"தட்ட வெச்சிட்டு வந்து வளையலப் போடும்மா" என்றார் பெரியம்மா.

பக்கத்திலேயே முக்காலி இருந்தது. வைக்க ஒரு நிமிடம் போதும். அவள் வைக்கவில்லை. "கை சும்மா இல்லீங்களே" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். தாம்பாளத்தில் இருந்த ஒற்றைப் பச்சை வளையலைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

நான் வளையலை எடுத்தேன். என் விரலெல்லாம் நல்லெண்ணெய். மகளின் கை வீங்கியிருந்தது, மற்றவர்கள் போடும்போது ஒவ்வொன்றுக்கும் முகம் சுளித்தாள். இது எண்ணெயில் வழுக்கிக்கொண்டு ஒரே தள்ளலில் மணிக்கட்டில் போய் உட்கார்ந்தது. மற்ற பதினொன்றோடு அது இடித்த சத்தம் எனக்குக் கேட்டது.

"யார் போடச் சொன்னது? கழட்டு அத" என்றார் பெரியம்மா.

மகள் கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அதுவரை வாயே திறக்காத சம்பந்தியம்மா, அக்காவின் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"போட்ட வளையலக் கழட்டக் கூடாதுக்கா. நீதான சொல்லிக் குடுத்த."

தம்பி பெண்டாட்டி ஆரத்தி சுற்ற ஆரம்பித்துவிட்டாள். மகள் என் மடியிலிருந்த தட்டைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"ம்மா, எள்ளு பத்தல."

இடுப்பில் செருகியிருந்த டப்பாவை எடுத்தேன். பெரியம்மா பார்த்துக்கொண்டே இருக்க, மூடியைத் திறந்து, இருந்ததை மொத்தமாகக் கொட்டினேன்.